சுவர்க் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி: மாதவிடாய் ஏன் தப்புகிறது, எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?"

டாக்டர் கேட்டதற்குச் சித்தி உடனே பதில் சொல்லவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் பாசி பறித்துப் பறித்து நகக்கண் எல்லாம் கிழிந்து காய்த்துப்போன விரல்கள். "போன அமாவாசைக்குப் பாசிக்குப் போனேன் டாக்டரம்மா. மூணாம் நாளு தண்ணிக்குள்ள நிக்கயில பட்டுச்சு. அது நின்னு மறுபடி வந்துச்சா, நிக்காமலே ஓடிக்கிட்டு இருக்கான்னு தெரியலயே" என்றாள்.

பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரி அவள். அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள், கச்சான் காற்று எப்போது அடிக்கும், வாடை எப்போது திரும்பும், எந்த நாழிகையில் தண்ணீர் வற்றிப் பார் என்ற பாறைத்திட்டு தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் மாதம் முழுக்கக் கடலில் இறங்குவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று பன்னிரண்டு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தப்பே வராத சித்தி, தன் உடம்பின் தேதியை ஒரு மாதம்கூடக் குறித்து வைத்ததில்லை. அன்றைக்கு அவளுக்கு வயது 44, ஹீமோகுளோபின் 6.8. இரண்டு வருஷமாக மாதத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நாள். "உடம்பு சூடு" என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

தேதி தெரியாமல் மாதவிடாய் ஒழுங்காக இருக்கிறதா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, டாக்டராலும்கூட. அதனால் முதலில் எண்ணுவது எப்படி என்று பார்த்துவிடலாம். உதிரம் பட்ட முதல் நாளிலிருந்து, அடுத்த முறை பட்ட முதல் நாள் வரை எண்ண வேண்டும். ஜூன் 3-ஆம் தேதி பட்டு, ஜூலை 1-ஆம் தேதி மறுபடி பட்டால் சுழற்சி 28 நாள். நம் வீடுகளில் பலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் இதே சுழற்சி 23, 24 நாளாகத் தெரியும். "சீக்கிரமே வந்துடுது" என்று வீணாகப் பயப்படுவதில் பாதி இந்த எண்ணிக்கைப் பிழையால் வருவது.

28 நாள் என்பதும் சட்டம் கிடையாது. மகளிர் நல மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ 2018-இல் திருத்திய வரையறைப்படி, வளர்ந்த பெண்ணுக்கு 24 நாளிலிருந்து 38 நாளுக்குள் எப்போது வந்தாலும் அது இயல்புதான். எட்டு நாளுக்கு மேல் உதிரம் நீடிக்கக் கூடாது. ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 32 என்று முன்னே பின்னே போவதும் சரியே. ஒருவருடைய மிகக் குறைந்த சுழற்சிக்கும் மிக நீண்ட சுழற்சிக்கும் இடையே ஏழிலிருந்து ஒன்பது நாள் வரை வித்தியாசம் இருக்கலாம். ஒரு மாதம் 22, அடுத்தது 45, அப்புறம் 30 என்று அலைந்தால்தான் 'ஒழுங்கில்லை' என்ற பேச்சே வரும்.

உள்ளே நடப்பதை ஓரளவு புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சினைப்பைக்குச் சொல்கிறது. சினைப்பையில் முட்டை வளரும்போது ஈஸ்ட்ரோஜன் சுரந்து, கர்ப்பப்பையின் உள்வரி மெத்தைபோலத் தடிக்கிறது. முட்டை வெளியானதும் புரோஜெஸ்டிரோன் சுரந்து அந்த மெத்தையைக் கலையாமல் பிடித்து வைக்கிறது. கரு தங்காவிட்டால் புரோஜெஸ்டிரோன் இறங்கும். மெத்தை மொத்தமாகக் கழன்று உதிரமாக வரும். முட்டையே வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் இருக்காது. மெத்தை தடித்துக்கொண்டே போய், தாங்க முடியாத நிலையில் அங்கங்கே பிய்ந்து விழும். "ரெண்டு மாசம் வரவே இல்ல, வந்தா நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்கிறார்களே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தள்ளிப்போவதும் கொட்டித் தீர்ப்பதும் இரண்டு நோய் போலத் தெரிந்தாலும் பல நேரம் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

இந்தச் சங்கிலி வயதின் இரண்டு ஓரங்களிலும் தானாகவே தடுமாறும். பெண் பிள்ளை வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை சுழற்சி போகலாம். மூளைக்கும் சினைப்பைக்கும் பேச்சுவார்த்தை படிய அவ்வளவு காலம் பிடிக்கும். அதற்காக எல்லாவற்றையும் "சின்னப்பிள்ளைதானே" என்று விட்டுவிடவும் முடியாது. 90 நாள் வராமல் இருந்தாலும், 15 வயது முடிந்தும் வயதுக்கு வராவிட்டாலும், முதல் மாதங்களிலேயே நாப்கின் நாப்கினாக நனைந்து பிள்ளை சோர்ந்து விழுந்தாலும் காட்டியாக வேண்டும். ரத்தம் உறையும் தன்மையில் குறை இருக்கும் பிள்ளைகளுக்கு அது முதன்முதலாக வெளியே தெரிவது இப்படித்தான்.

என் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் முதல் தடவை வந்ததற்குப் பந்தல் போடுகிறோம், மைக் செட் கட்டுகிறோம், தாய்மாமன் சீர் வருகிறது, ஊருக்கே சாப்பாடு போடுகிறோம். அதே பிள்ளைக்கு நாலாவது மாதம் வரவில்லை என்றால் கேட்பதற்கு வீட்டில் ஒரு ஆள் இருப்பதில்லை. அவளாக அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா கருவாட்டுக் களத்திலிருந்தோ இறால் கம்பெனியிலிருந்தோ வந்து அலுத்துக் கிடப்பாள்.

நாள் தள்ளினால் முதலில் பார்க்க வேண்டியது கர்ப்பமா என்றுதான். "முழுகாம இருக்கா" என்று நம் பேச்சிலேயே இருக்கிறது. தலைமுழுகாத மாதத்தைக் கொண்டு பிள்ளையை எண்ணிய காலத்துச் சொல் அது. இன்றைக்குச் சிறுநீர் சோதனை அட்டை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடமும் இருக்கும். 45 வயதுக்காரி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவள், வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளியாக இருப்பவள் என்று யாரையும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கக் கூடாது. கேட்கிறவர்கள் சந்தேகத்தில் கேட்பதில்லை, எல்லோரிடமும் கேட்டாக வேண்டும் என்பதால்தான் கேட்கிறார்கள். நாள் தள்ளிய பிறகு கொஞ்சமாக உதிரம் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தி, தலை சுற்றினால் கரு, கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அபூர்வமாக இது நேரும். அந்த நேரத்தில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ராமேஸ்வரம் தீவிலிருந்து பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்துத்தான் நாம் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது, நாள் தள்ளிப்போடும் மாத்திரை. கோயில் திருவிழா, கல்யாணம், சந்தனக்கூடு, நோன்பு என்று நம் கரையில் காரணத்துக்குக் குறைவே இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கி, அக்கா தங்கச்சி எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அது புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. மெத்தையைப் பிடித்து வைக்கும், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். டாக்டரைக் கேட்டு எப்போதாவது ஒரு முறை எடுத்தால் பொதுவாகத் தொல்லை இல்லை. காலில் ரத்தக் கட்டு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பமா என்று உறுதியாகத் தெரியாதவர்கள் தாமாக வாங்கிப் போடவே கூடாது. அடிக்கடி போட்டால் எது உடம்பின் சுழற்சி, எது மாத்திரையின் சுழற்சி என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். அவசரத்துக்குப் போடும் கருத்தடை மாத்திரையும் அந்த மாதத்தின் தேதியைக் கலைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா கருத்தடை ஊசி ஆரம்பத்தில் விட்டு விட்டுப் பட வைத்து, பிறகு வராமலே கூடச் செய்துவிடும். காப்பர் டி போட்ட முதல் மாதங்களில் உதிரம் கூடும். இதையெல்லாம் போட்டுக்கொள்ளும்போதே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ பெண்கள் பயந்து ஊசியைப் பாதியில் விட்டிருக்க மாட்டார்கள்.

இளம்பெண்களிடம் இப்போது அதிகம் கேள்விப்படுவது பிசிஓடி. "கர்ப்பப்பைல நீர்க்கட்டி" என்று ஸ்கேன் சீட்டைக் காட்டி அழுவார்கள். இதில் இரண்டு திருத்தம் தேவை. அது இருப்பது சினைப்பையில், கர்ப்பப்பையில் இல்லை. கட்டியும் கிடையாது, வளரத் தொடங்கி, வெளியாகாமல் பாதியில் நின்ற சின்னச் சின்ன முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டிய எதுவும் அங்கே இல்லை. ஸ்கேனில் அப்படித் தெரிந்தால் மட்டும் போதாது. சுழற்சி தள்ளிப்போவது, முகத்திலும் தாடையிலும் முடி வளர்வது, அடங்காத பரு, ரத்தத்தில் ஆண் ஹார்மோன் கூடுதல் என்ற மற்ற அடையாளங்களோடு சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது. எடை கூடியவர்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே, 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ குறைத்தாலே, பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓடி வரும். அவர்களிடம் போய் "வெயிட் குறை" என்று சொல்வது தவறு.

"வராட்டி நல்லதுதானே, தொல்லை இல்ல" என்று நினைப்பவர்களும் உண்டு. பாலூட்டும் காலத்தில் வராமல் இருப்பது இயற்கை. மற்றபடி, முட்டை வெளியாகாமல் ஆண்டுக்கு மூன்று நான்கு முறைதான் வருகிறது என்றால், கலையாத மெத்தை வருஷக்கணக்கில் தடித்துப் பின்னாளில் கர்ப்பப்பைப் புற்றுக்கு இடம் கொடுக்கலாம். அழுக்கு ரத்தம் உள்ளே தங்கிவிடும் என்ற பழைய பயத்தில் உண்மை கிடையாது. உதிரத்தில் அழுக்கே இல்லை. இந்த மெத்தை விஷயம் மட்டும் உண்மை. அதைக் கலைக்க டாக்டர் கொடுக்கும் மாத்திரையைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் மாதவிடாய் மாறும். கடலோரத்தில் இருந்து மீன் தின்கிறவர்களுக்குத் தைராய்டு வராது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தைராய்டு கோளாறுகளில் பெரும்பகுதி உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதால் வருவது, மீன் தடுக்காது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிள்ளை பெறாத, பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தால் அது வேறொரு ஹார்மோன். அதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

பிறகு, பசியும் உழைப்பும் கவலையும். விடியுமுன் வெறும் டீயோடு படகேறி, மணிக்கணக்கில் மூச்சடக்கி மூச்சடக்கி முங்கி, மத்தியானம் கரைக்கு வந்து சோறு தின்னும் உடம்பு பாசி எடுக்கும் பெண்களுடையது. செலவழிக்கும் சக்திக்கும் உள்ளே போகும் சாப்பாட்டுக்கும் ரொம்ப நாள் பொருந்தாவிட்டால் ஹைபோதலாமஸ் சினைப்பைக்கு அனுப்பும் சேதியைக் குறைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பே அரைவயிறாக எரியும் வீடுகள் இருக்கின்றன. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகில் கணவனோ மகனோ இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் நாள் தப்புவதில் ஆச்சரியமே இல்லை. டாக்டரிடம் இதையும் சொல்லலாம், சொல்ல வேண்டும். கடல் தண்ணீரில் நின்றால் உதிரம் நின்றுவிடும் என்பது மட்டும் சரியில்லை. தண்ணீரின் அழுத்தத்தில் வெளியே வருவது குறையும், கரை ஏறியதும் வரும். உப்புத் தண்ணீர் சுழற்சியை எதுவும் செய்வதில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, மாதவிடாய் நிற்கப்போகும் முன் சில ஆண்டுகள் தேதி முன்பின்னாக ஆடும். ஆனால் எங்கள் பக்கம் "நிக்கப்போற நேரம், அப்படித்தான் கொட்டும்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களை வெளுக்க விட்டிருக்கிறோம்! இடைவெளி கூடுவது அந்த வயதுக்கு இயல்பு. கட்டி கட்டியாகக் கொட்டுவதும் வாரக்கணக்கில் நிற்காமல் போவதும் இயல்பில்லை. கர்ப்பப்பைச் சதைக் கட்டி, உள்வரியில் சிறு வளர்ச்சி, உள்வரி தடிப்பு, சில நேரம் புற்று என்று காரணங்கள் இருக்கும். "சூடு" என்ற சொல் இவை அத்தனைக்கும் போர்வையாகிவிடுகிறது. வெந்தயமும் மோரும் குடிக்கலாம், தப்பில்லை. குடித்துவிட்டு டாக்டரிடமும் போக வேண்டும்.

உதிரம் அதிகமா என்பதை எப்படி அளப்பது? ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று புத்தகம் சொல்லும்; வீட்டில் அதை அளக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, துணிக்கு மேல் துணி வைக்கிறோமா, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுகிறதா, படியேறினால் நெஞ்சு படபடக்கிறதா என்று பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53.4 சதவீதம் பேர், ரத்தசோகையோடு இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது. மாதாமாதம் ஓட்டைப் பானையில் ஊற்றுவது போல, உதிரப்போக்கை நிறுத்தாமல் சத்து மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை. இரும்பு மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தாலும் சத்து சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

எப்போது போவது என்று கேட்டால் நான் சொல்வது இது. ஒவ்வொரு மணி நேரமும் நாப்கின் நனைந்து இரண்டு மணி நேரம் தாண்டினால், மயக்கம் வந்தால், கர்ப்பத்தில் உதிரம் பட்டால், உதிரத்தோடு காய்ச்சலும் கெட்ட வாடையும் இருந்தால் அன்றைக்கே போங்கள், இரவானாலும் சரி. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு துளி பட்டாலும் அந்த வாரமே போக வேண்டும்; "திரும்ப வந்துருச்சு" என்று சிரித்துவிட்டு விட்டுவிடக் கூடாது, புற்றுக்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம். தாம்பத்தியத்துக்குப் பிறகு படுவது கர்ப்பப்பை வாயில் கோளாறு இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கான பரிசோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். மூன்று மாதம் வராதது, 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வருவது, எட்டு நாளைத் தாண்டுவது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் படுவது, இவற்றுக்கு இன்றே ஓட வேண்டாம். அடுத்த மாதம் பார்ப்போம் என்று வருஷத்தைக் கடத்தவும் வேண்டாம்.

கல்யாணமாகாத பிள்ளையைக் கூட்டிப்போகத் தாய்மார்கள் தயங்குவதன் உள்காரணம் எனக்குத் தெரியும். உள்ளே கைவைத்துப் பார்ப்பார்களோ என்ற பயம். அதற்குத் தேவையே இல்லை. தண்ணீர் நிறையக் குடிக்க வைத்து, சிறுநீரை அடக்கி, வயிற்றின் மேல் ஜெல் தடவித்தான் ஸ்கேன் எடுப்பார்கள். மீதி எல்லாம் ரத்தப் பரிசோதனை. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதும் உரிமைதான். "ஊர்ல பாத்தா என்ன பேசுவாங்க உம்மா" என்று கீழக்கரைத் தோழி ஒருத்தி தன் தாயிடம் சொல்லிச் சொல்லியே மூன்று வருஷத்தைக் கடத்தினாள். கடைசியில் அவளுக்கு இருந்தது தைராய்டு குறைவு. ஒரு சின்ன மாத்திரையில் சரியானது.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அது எமர்ஜென்சியாக இல்லாதபட்சத்தில், இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். உதிரத்தைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று அதற்கு முன் வழிகள் இருக்கின்றன. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. எடுத்தே ஆக வேண்டிய நோய்களும் உண்டு. எதற்காக எடுக்கிறார்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

சித்திக்கும் முதலில் போன ஓர் இடத்தில் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பிறகு போன இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். உள்வரியில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சதைக் கட்டி இருந்தது, புற்று இல்லை. ரத்தம் ஏற்றி, இரும்புச் சத்தை ஊசி வழியே கொடுத்து, உதிரத்தைக் குறைக்க மருந்து எழுதினார்கள். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எடுத்ததற்கெல்லாம் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டிய நிலை பலருக்கு மாறியிருக்கிறது.

டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: அடுத்த முறை வரும்போது தேதி வேண்டும். சித்தி வீட்டில் இருந்தது தினசரி காலண்டர். குறித்த தாளை மறுநாள் காலையில் பேரன் கிழித்துப் பந்து உருட்டிவிடுவான். நகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்றை வாங்கி அடுப்படிச் சுவரில் மாட்டினோம். "ஆம்பளைக பாப்பாங்களேடி" என்று கூச்சப்பட்டாள். அந்தக் காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதி இருக்கிறது, பால் கணக்கு இருக்கிறது, குழுப் பணம் கட்டிய நாள் இருக்கிறது. நடுவில் ஒரு பெருக்கல் குறியை யார் கேட்கப் போகிறார்கள்? பட ஆரம்பித்த நாளுக்கு ஒரு பெருக்கல், நின்ற நாளுக்கு ஒரு கோடு, அதிகமாகக் கொட்டிய நாளில் பெருக்கலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன். அமாவாசைக்கு அச்சடித்த கறுப்பு வட்டத்துக்கு மூன்று கட்டம் தள்ளி நீல மையில் ஒரு பெருக்கல். அதற்கு முந்தையது நாற்பத்தோரு நாளைக்கு முன்னால். நான் எண்ணிப் பார்ப்பதற்குள் அடுப்புப் பக்கமிருந்து சித்தியே சொன்னாள்: "நாப்பத்தொண்ணு. இந்தத் தடவை அஞ்சு நாள்ல நின்னுருச்சு, கட்டி இல்ல. நர்ஸம்மாட்ட காட்டிட்டேன்."